ஒடுக்கு எடுத்த புது வண்டியை வாங்கலாமா?

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு போகும் நீள டிரெய்லர்களை அந்தச் சாலையில் பார்க்காத நாள் கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் சான்ட்ரோ காரோடு உற்பத்தியைத் தொடங்கியது. செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்கு 2007-இல் பி.எம்.டபிள்யூ வந்தது. ரெனோவும் நிசானும் சேர்ந்து ஒரகடத்தில் அமைத்த ஆலை 2010 முதல் இயங்குகிறது. பக்கத்து வாலாஜாபாத் ரயில் நிலையம், கார்களைச் சரக்கு ரயிலில் ஏற்றி வட மாநிலங்களுக்கு அனுப்பும் முக்கியமான இடமாகிவிட்டது. நெல்லும் ஏரிப் பாசனமுமாக இருந்த மாவட்டம் இன்று காருக்கும் பேர் போனது.

ஆனால் ஆலை வாசலைத் தாண்டிய காரும் வாங்குபவர் வீட்டு வாசலில் மாலை போட்டு நிற்கும் காரும் ஒரே நிலையில் இருக்கின்றனவா? இடையில் அந்த வண்டி லாரியில் ஏறி இறங்குகிறது, ரயிலில் போகிறது, ஸ்டாக் யார்டில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கிறது. பெரும்பாலான யார்டுகளுக்குக் கூரை கிடையாது. வெயிலும் மழையும் பறவை எச்சமும் மரக்கிளையும் எல்லாம் மேலேயே விழும். ஆலங்கட்டி மழை பெய்தால் அதுவும் விழும். பிறகு ஒடுக்கு எடுத்து, தேய்த்து, பாலிஷ் போட்டால் ஷோரூம் விளக்கில் எதுவும் தெரியாது.

அப்படிச் சரிசெய்த வண்டியைத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தால் வாங்கலாமா? சொல்லாமலே தலையில் கட்டியிருந்தால் என்ன செய்வது? ஆயுளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ கார் வாங்கும் குடும்பத்துக்கு இது சின்னக் கேள்வி அல்ல. கிராமத்தில் ஒரு கார் என்றால் பல வருடச் சேமிப்பும் ஐந்து, ஏழு வருடத் தவணையும் அதில் அடங்கியிருக்கும்.

ஆலங்கட்டி நமக்கு அரிது என்பது உண்மைதான். தமிழ்நாட்டுச் சமவெளியில் நீர் உறையும் உயரம் தரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மேகத்தில் உருவாகும் சின்னப் பனிக்கட்டிகள் அவ்வளவு தூரம் சூடான காற்றில் விழுந்து வருவதற்குள் உருகி மழைத்துளியாகிவிடும். கடலோரத்தை விட உள்மாவட்டங்களுக்கும் மலையடிவாரத்துக்கும்தான் வாய்ப்பு அதிகம். ஓசூர், தர்மபுரி, ஈரோடு, கொடைக்கானல் பக்கம் சித்திரை வைகாசிக் கோடை மழையோடு ஆலங்கட்டி விழுந்த செய்தி வருவது வழக்கம்.

அதை வைத்துக் காஞ்சிபுரத்துக்காரர் கவலையில்லாமல் இருந்துவிட முடியாது. இங்கே விற்கும் கார்கள் எல்லாம் இங்கே செய்தவை அல்ல. மாருதி ஹரியானாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வருகிறது, டாடா புனேயிலிருந்தும் சானந்திலிருந்தும், மகிந்திரா நாசிக், சாக்கனிலிருந்தும் வருகின்றன. அந்த வட்டாரங்களில் ஆலங்கட்டி உயிரையே வாங்கியிருக்கிறது. 1888 ஏப்ரல் 30-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் பெய்த ஆலங்கட்டி மழையில் 246 பேர் இறந்தார்கள். உலக வானிலை அமைப்பு இதை இன்றுவரை உலகச் சாதனைப் பதிவாக வைத்திருக்கிறது. 2014 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மகாராஷ்டிரத்தில் விழுந்த ஆலங்கட்டி லட்சக்கணக்கான ஏக்கர் பயிரை அழித்தது. 2025 ஏப்ரல் 16 அன்று பாகிஸ்தான் தலைநகர் இஸ்லாமாபாத்தில் சாலையில் நின்ற கார்களின் கண்ணாடிகள் நொறுங்கிய காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

கார்த் தொழிலில் இது பழைய தலைவலி. 1984 ஜூலை 12 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் பெய்த ஆலங்கட்டியில் ஏறத்தாழ 2 லட்சம் கார்கள் அடிபட்டன. 2008-இல் அதே நாட்டின் எம்டன் ஊர் ஃபோக்ஸ்வாகன் ஆலையில், கப்பலேறக் காத்திருந்த சுமார் 30,000 புதுக் கார்கள் ஒரே மழையில் ஒடுக்கு விழுந்து நின்றன. அவற்றையெல்லாம் நசுக்கிப் போடவில்லை, சரிசெய்து விற்றார்கள். ஆக, ஆலங்கட்டி அடித்துச் சரிசெய்த புதுக் கார் உலகச் சந்தையில் ஒரு தனி வகையாகவே இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பெரும் ஆலங்கட்டி மழை முடிந்தால், 'ஆலங்கட்டி விற்பனை' என்று பலகை வைத்தே டீலர்கள் விற்பார்கள்.

ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே மெக்சிகோவின் புவேப்லா ஆலையில் வேறு வழியைத் தேடியது. வானத்தை நோக்கி ஒலி அதிர்வை அனுப்பும் 'ஆலங்கட்டி பீரங்கி'களை நிறுவியது. மழையே கலைந்துபோகிறது, எங்கள் பயிர் காய்கிறது என்று சுற்றுவட்டார விவசாயிகள் 2018-இல் எழுந்தார்கள். அந்தப் பீரங்கிகள் மழையைத் தடுக்கும் என்பதற்கோ ஆலங்கட்டியைத் தடுக்கும் என்பதற்கோ உறுதியான அறிவியல் ஆதாரம் கிடையாது. ஆனாலும் தானியங்கி முறையில் அவற்றைச் சுடுவதை நிறுத்திவிட்டு, கார்களுக்கு மேல் வலை கட்டுகிறோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. வானம் பார்த்த நிலத்தையும் கார் யார்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கும் நம் மாவட்டத்துக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும்.

நம் ஊரில் புது வண்டிக்கு ஆலங்கட்டியை விடப் பெரிய ஆபத்து வேறு இருக்கிறது. அது காலண்டரிலேயே தெரிகிறது. ஆடியில் வண்டி எடுக்க மாட்டார்கள். ஆவணிக்குப் பிறகு வியாபாரம் சூடுபிடிக்கும். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் விற்க டீலர்கள் யார்டை நிரப்பிவைப்பார்கள். சரியாக அந்த நேரத்தில், அக்டோபர் பிற்பகுதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். விற்காமல் மிஞ்சிய வண்டிகள் நவம்பரும் டிசம்பரும் நனையும். மார்கழியில் எடுக்க மாட்டார்கள். அப்போதுதான் வருடக் கடைசித் தள்ளுபடி விளம்பரம் வரும். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளின் வெள்ளமும் 2023 டிசம்பர் 3, 4 தேதிகளின் மிக்ஜாம் புயலும் வந்தது இதே மாதத்தில்தான். பள்ளிக்கரணை அடுக்ககம் ஒன்றில் கார்கள் மிதந்து போன காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெருந்தள்ளுபடியும் பெருமழையும் தமிழ்நாட்டில் ஒரே மாதத்தில் கூடிவருவதால், அந்த மாதத்தில் வாங்குபவர் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் மேலே விழுந்த அடியும் உள்ளே புகுந்த தண்ணீரும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆலங்கட்டி பானெட்டையும் கூரையையும் டிக்கி மூடியையும் கண்ணாடியையும் தாக்கும். எஞ்சினையோ கியரையோ தொடாது. வெள்ளம் அப்படியில்லை. இருக்கைக்கு அடியில் ஓடும் வயரிங், ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, வீல் பேரிங் என்று கண்ணுக்குத் தெரியாத இடமெல்லாம் போகும். கனெக்டருக்குள் பச்சை பிடிப்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். தண்ணீர் உள்ளே புகுந்த புது வண்டியை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்கக் கூடாது. இதில் இரண்டாவது யோசனைக்கு இடமில்லை.

மேலே அடிபட்ட வண்டியைப் பற்றித்தான் உண்மையான கேள்வி. அதற்கு விடை, ஒடுக்கை எப்படி எடுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

இரண்டு வழி உண்டு. பழைய வழி டிங்கரிங். ஒடுக்கு விழுந்த இடத்தைத் தட்டி நிமிர்த்தி, பெயின்ட்டைத் தேய்த்து எடுத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மறுபடி பெயின்ட் அடிப்பது. புது வழி பெயின்ட்டைத் தொடாமல் ஒடுக்கை மட்டும் எடுப்பது. இதில் வேலை செய்பவர் கூரையின் உள்துணியை இறக்கிவிட்டு, வளைந்த நீளக் கம்பிகளைத் தகட்டுக்குப் பின்னால் விட்டு, ஒடுக்கின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சிறுகச் சிறுக அழுத்துவார். வெளியே கோடு கோடாக எரியும் ஒரு விளக்குப் பலகை நிற்கும். தகட்டில் விழும் அந்தக் கோடுகள் வளைந்திருந்தால் ஒடுக்கு இன்னும் இருக்கிறது. நேரானால் வேலை முடிந்தது. பின்னால் கை போகாத இடத்தில் பசை தடவிய குமிழை ஒட்டி வெளியிலிருந்து இழுப்பார்கள். ஒரு கூரையில் நூற்றுக்கணக்கான ஒடுக்குகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பல அழுத்தல்கள். அவசரப்பட்டு ஒரே இடத்தில் ஓங்கி அழுத்தினால் மேலே ஊசிமுனை போல ஒரு புடைப்பு எழும், பெயின்ட் விரியும்.

இந்த இரண்டாம் வழியில் திறமையான கை செய்த வேலை என்றால், கார் ஆலையிலிருந்து வந்த நிலைக்கு மிக அருகில் திரும்பிவிடும். காரணம் பெயின்ட்டில் இருக்கிறது. ஆலையில் கார்க் கூடு முழுவதையும் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தின் உதவியால் துருத் தடுப்புப் பூச்சை ஏற்றுகிறார்கள். மூலை முடுக்கெல்லாம் அது ஏறும். பிறகு 140 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூளையில் சுடுவார்கள். அப்போது அந்தக் கூட்டில் வயரோ பிளாஸ்டிக்கோ ரப்பரோ கிடையாது. பட்டறையில் அப்படிச் சுட முடியாது. முழு வண்டியும் உள்ளே இருப்பதால் 60, 70 டிகிரியோடு நிறுத்த வேண்டும். பட்டறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆலைப் பெயின்ட்டின் உறுதி அதற்கு வராது. இதனால்தான் ஒடுக்கு எத்தனை என்பதை விட, பெயின்ட்டைத் தொட்டார்களா என்பது முக்கியம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அடி பலமாக இருந்தால் பானெட்டையும் டிக்கி மூடியையும் கழற்றிப் புதிதாக மாட்டுவார்கள். அவை திருகாணியில் நிற்பவை, மாற்றினால் பெரிய குற்றமில்லை. கூரை அப்படியல்ல. அது தூண்களோடு வெல்டு செய்யப்பட்ட கட்டமைப்பு. கூரையை அறுத்து வேறு கூரை பொருத்திய வண்டியைப் புது வண்டி என்று ஏற்கவே கூடாது. கவிழும் விபத்தில் உள்ளே இருப்பவர்களைக் காப்பது அந்தக் கூரைதான்.

கூரை வேலையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. ஹூண்டாய் 2023 அக்டோபரில் தன் எல்லா மாடல்களுக்கும் ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கியது; மற்ற நிறுவனங்களும் அந்தத் திசையில் போகின்றன. அந்த ஆறில் இரண்டு, கூரை ஓரத்தில் உள்துணிக்குப் பின்னால் மடிந்து கிடக்கும் திரை ஏர்பேக்குகள். உள்துணியை இறக்கி ஏற்றியவர் அவற்றைத் தொட்டிருப்பார். கிளிப்புகள் சரியாக உட்கார்ந்தனவா என்பதைக் கம்பெனி சர்வீஸ் மையம்தான் சான்று சொல்ல முடியும். முன்கண்ணாடியில் கேமரா பொருத்திய மாடல்களில் கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவு பார்த்துச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்யாவிட்டால் தானாகப் பிரேக் போடும் வசதி தப்பாக வேலை செய்யும்.

தொழில்நுட்பம் இவ்வளவுதான். இந்தக் கேள்வியின் கனமான பாதி அதில் இல்லை. சொன்னார்களா மறைத்தார்களா என்பதில் இருக்கிறது. அதை உலகத்துக்கே எடுத்துச் சொன்ன வழக்கு ஒன்று உண்டு.

1990 ஜனவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஐரா கோர் என்ற மருத்துவர் ஒரு கருப்பு பி.எம்.டபிள்யூ வாங்கினார். விலை 40,750 டாலர் 88 சென்ட். ஒன்பது மாதம் ஓட்டினார். ஒரு குறையும் தெரியவில்லை. வண்டியை இன்னும் பளபளப்பாக்க வேண்டும் என்று ஒரு பாலிஷ் கடையில் விட்டபோது, 'இது மறுபெயின்ட் அடித்த வண்டி' என்று கடைக்காரர் கண்டுபிடித்தார். ஜெர்மனியிலிருந்து வரும் வழியில் அமில மழை பட்டுப் பெயின்ட் கெட்டிருக்கலாம் என்பது பின்னால் தெரிந்தது. நிறுவனம் 601 டாலர் செலவழித்து மறுபெயின்ட் அடித்திருந்தது. பழுதுச் செலவு விலையில் 3 சதவீதத்துக்குள் இருந்தால் டீலருக்குக்கூடச் சொல்லாமல் புதியதாகவே விற்பது அதன் கொள்கை. 1983 முதல் அப்படி 983 கார்களை விற்றிருந்தது. அதில் 14 அலபாமாவில் விற்றவை.

கோர் வழக்குப் போட்டார். மறுபெயின்ட் அடித்த காரின் மதிப்பு சுமார் 10 சதவீதம் குறையும் என்று முன்னாள் பி.எம்.டபிள்யூ டீலர் ஒருவரே சாட்சி சொன்னார். ஜூரி 4,000 டாலர் இழப்பீடும், தண்டனையாக 40 லட்சம் டாலரும் விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையைப் பாதியாக்கியது. 1996 மே 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அதுவும் மிகை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. கடைசியில் அது 50,000 டாலரில் முடிந்தது. சட்டக் கல்லூரிகளில் தண்டனைத் தொகையின் எல்லைக்காகவே இந்த வழக்கைப் பாடமாக நடத்துகிறார்கள். கார் வாங்குபவருக்கு இதில் வேறு பாடம் இருக்கிறது. ஜூரி தீர்ப்பு வந்த கையோடு நிறுவனம் தன் கொள்கையை மாற்றியது: எவ்வளவு சின்னப் பழுதானாலும் சொல்லித்தான் விற்பது என்று. 601 டாலர் வேலையை முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் ஆறு வருட வழக்கே வந்திருக்காது.

இதற்கு எதிர்க்கோடியில் மஸ்டா நிறுவனம் நிற்கிறது. 2006 ஜூலையில் 'கூகர் ஏஸ்' என்ற கப்பல் 4,703 மஸ்டா கார்களோடு அலாஸ்கா அருகே ஏறத்தாழ 60 டிகிரி சாய்ந்துவிட்டது. வாரக்கணக்கில் அந்தச் சாய்விலேயே கார்கள் கட்டிய பட்டையில் தொங்கின. பெரும்பாலானவற்றில் கீறல்கூட இல்லை. மலிவாக வாங்கிக்கொள்ள ஆட்கள் தயாராக இருந்தார்கள். மஸ்டா ஒன்றைக்கூட விற்கவில்லை. எண்ணெயும் அமிலமும் போகக் கூடாத இடத்துக்குப் போயிருக்கும், ஏர்பேக் எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதி சொல்ல முடியாது என்று கருதி அத்தனையையும் நசுக்கியது. அந்த முடிவு சரியானதே. உள்ளே என்ன ஆனது என்று உறுதி சொல்ல முடியாத வண்டிக்குத் தள்ளுபடி விலை என்று ஒன்று இருக்க முடியாது. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும் அதே நியாயம்தான்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2(47) பிரிவு நேர்மையற்ற வணிக முறைகளைப் பட்டியலிடும்போது, மீளக் கட்டிய, புதுப்பித்த, சீர்செய்த, பழைய பொருளைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவதையும் சேர்த்திருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 41-ஆம் பிரிவு, பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது என்கிறது. ஆனால் இவ்வளவு தொகைக்கு மேல் பழுதுபார்த்திருந்தால் கட்டாயம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இருப்பதுபோல ஒரு குறிப்பான எல்லை நம்மிடம் இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் இந்த வண்டிகள் வருகின்றன.

கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கு இதில் கவனிக்க வேண்டியது. 2011 மாடல் என்று பணம் கட்டியவருக்கு 2009-இல் தயாரான கார் வந்தது. 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது, அடிப்பாகத்தில் துரு, கதவுகளில் கீறல். மாவட்ட மன்றத்திலிருந்து தேசிய ஆணையம் வரை டீலரும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து பொறுப்பு என்று தீர்ப்பானது. 2021 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் உற்பத்தியாளரை மட்டும் விடுவித்தது. டீலர் தன் சொந்தப் பொறுப்பில் வாங்கி விற்பவர், அவர் செய்தது நிறுவனத்துக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது காரணம். இதன் பொருள் தெளிவானது: பெரிய கம்பெனி பெயரை நம்பி வாங்கினாலும் யார்டில் நடந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர் டீலர்தான். ஆகவே டீலரின் முத்திரையோடு எழுத்து வேண்டும். சேல்ஸ்மேன் வாயால் சொல்லும் "சார், ஒண்ணும் இல்ல சார், கம்பெனியிலிருந்து அப்படியே வந்த வண்டி" என்பது ஆணையத்தில் நிற்காது.

ஏமாந்துவிட்டால் வழக்குப் போட அஞ்ச வேண்டியதில்லை. 50 லட்சம் வரையிலான வாங்குதலுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டீலர் சென்னையில் இருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய நன்மை இது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவது நல்லது.

பணக் கணக்குக்கு வருவோம். 10 லட்சம் ரூபாய் வண்டியில் ஆலங்கட்டி ஒடுக்கு எடுத்திருக்கிறார்கள், பெயின்ட்டைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு குறைக்கச் சொல்லலாம்? கோர் வழக்கில் மறுபெயின்ட்டுக்குச் சொன்ன 10 சதவீதம் ஒரு நல்ல அளவுகோல். 1 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, அதுவும் பண்டிகைத் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ் எல்லாம் போக. எல்லோருக்கும் கொடுக்கும் 40,000 ரூபாய்த் தள்ளுபடியையே 'இந்த வண்டிக்காகத் தனியாக' என்று காட்டுவது நடக்கும். அதே மாடலுக்கு வேறு இரண்டு டீலரிடம் விலை கேட்டால் இது வெளிச்சமாகிவிடும்.

யாருக்கு இது லாபம் என்பதும் பயன்பாட்டைப் பொறுத்தது. தனியார் காரின் பதிவு 15 வருடம் செல்லும். பத்து, பன்னிரண்டு வருடம் வைத்து ஓட்டுபவருக்கு மறுவிற்பனை மதிப்பு பெரிய விஷயமில்லை. 1 லட்சம் முழு லாபம். மூன்று வருடத்தில் மாற்றுபவருக்கு அந்த லாபம் விற்கும்போது கரைந்துவிடும், ஏனென்றால் பழைய கார் வாங்குபவரும் இப்போது பெயின்ட் மீட்டரோடுதான் வருகிறார். மஞ்சள் போர்டு போட்டு வாடகைக்கு ஓட்டப்போகிறவருக்கு, சரிசெய்யாமல் சின்னச் சின்ன ஒடுக்கோடு இருக்கும் வண்டியே நல்ல பேரம்.

ஒடுக்கோடு வாங்குபவர் இன்ஷூரன்ஸில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மோட்டார் பாலிசியின் சொந்தச் சேதப் பிரிவில் வெள்ளம், புயல், நிலநடுக்கத்தோடு ஆலங்கட்டியும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் பாலிசி எடுக்கும் முன்பே இருந்த ஒடுக்குக்கு அது பணம் தராது. நாளை அதே பானெட்டில் வேறு அடி விழுந்தால் சர்வேயர் பழைய ஒடுக்கைக் காட்டிக் கழிப்பார். ஆகவே டெலிவரி நாளில் தேதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும். காப்பீட்டு மதிப்பு, அதாவது ஐ.டி.வி., கம்பெனியின் பட்டியல் விலையிலிருந்து முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம் கழித்துக் கணக்கிடப்படுகிறது. டீலர் உங்களுக்காகக் குறைத்த 1 லட்சத்தைக் காட்டி ஐ.டி.வி.யைக் குறைக்க விடக் கூடாது. வாரன்டிப் புத்தகங்கள் பெரும்பாலானவற்றில் ஆலங்கட்டி, வெள்ளம், அமில மழையால் வரும் சேதம் விலக்குப் பட்டியலில் இருக்கும். பெயின்ட்டுக்கும் துருவுக்கும் முழு வாரன்டி செல்லும் என்று தனியாக ஒரு கடிதம் வாங்காமல் பணம் கட்டக் கூடாது.

சொல்லாமல் விற்கும் வண்டியை எப்படிப் பிடிப்பது? பதிவுக்கு முன்னால் பார்க்க வேண்டும். நம்பர் விழுந்த பிறகு பேரம் பேச இடமிருக்காது. இன்ஷூரன்ஸ் போடும் முன், பதிவுக்கு அனுப்பும் முன், யார்டிலேயே பகலில் வண்டியைப் பார்க்கக் கேளுங்கள். நீளமான டியூப்லைட் வெளிச்சம் கூரையிலும் பானெட்டிலும் விழும்படி நின்று, தலையை மெல்ல இருபுறமும் அசைத்துப் பார்த்தால் அந்த வெளிச்சக் கோடு ஆலைத் தகட்டில் வழுக்கிக்கொண்டு போகும். வேலை பார்த்த தகட்டில் நெளியும். பானெட் கீலின் போல்ட் தலைகளைப் பாருங்கள். ஸ்பானர் பட்டிருந்தால் மூலையில் பெயின்ட் உரிந்திருக்கும். கதவு ரப்பரைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் மறுபெயின்ட்டின் விளிம்பு நகத்தில் தட்டும். எல்லாக் கண்ணாடிகளிலும் தயாரிப்பாளர் முத்திரையும் ஆண்டுக் குறியும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பெயின்ட் மீட்டர் வைத்திருக்கும் நண்பரோ பட்டறைக்காரரோ கூட வந்தால் இன்னும் நல்லது. ஆலைப் பெயின்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரான் கனம். 200-ஐத் தாண்டினால் மறுபெயின்ட் என்று சந்தேகிக்கலாம். 500-க்கு மேல் போனால் உள்ளே பட்டி இருக்கிறது. வெள்ளத்துக்கு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தின் மேல் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். வண்டல் அங்கேதான் தங்கும்.

இவ்வளவையும் கிராமத்திலிருந்து வரும் ஒருவர் தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்று விடுவது நியாயமில்லை. விற்பவருக்குத் தெரியும். யார்டில் அடிபட்ட வண்டிக்கு டீலரோ போக்குவரத்து நிறுவனமோ காப்பீடு கோரியிருந்தால் அதற்குக் கோப்பு இருக்கும், படம் இருக்கும், பட்டறை பில் இருக்கும். அந்தக் கோப்பிலிருந்து ஒரு வரி வாங்குபவர் கைக்கு வந்தால் போதும். பதிவுக்கு டீலர் கொடுக்கும் விற்பனைச் சான்று படிவம் 21-இல் 'விற்பனைக்கு முன் செய்த பழுதுபார்ப்பு' என்று ஒரு கட்டம் சேர்ப்பதற்கும், அதை 'வாகன்' பதிவுத் தகவல்தளத்தில் ஏற்றுவதற்கும் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. விதித் திருத்தம் போதும். நாட்டின் கார்களில் பெரும்பங்கை உற்பத்தி செய்யும் மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. இந்தக் கோரிக்கையை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் முதலில் எழுப்ப வேண்டிய பொறுப்பும் தமிழ்நாட்டுக்கே உண்டு.

அதுவரை வாங்குபவருக்கான தீர்ப்பு இது. பெயின்ட்டைத் தொடாமல் ஒடுக்கு எடுத்தது, வேலை விவரமும் வாரன்டியும் டீலரின் முத்திரைத் தாளில், மற்றத் தள்ளுபடிகள் போக விலையில் 10 சதவீதமாவது குறைவு, குறைந்தது ஏழெட்டு வருடம் வைத்து ஓட்டும் எண்ணம்: இந்த நான்கும் சேர்ந்தால் தயங்காமல் வாங்கலாம். மறுபெயின்ட் அடித்த கூரை, மாற்றிய கூரை, தண்ணீர் புகுந்த வண்டி, எழுதிக் கொடுக்க மறுக்கும் டீலர்: இதில் ஒன்று இருந்தாலும் அட்வான்ஸைத் திரும்பக் கேட்டுவிட்டு அடுத்த ஷோரூமுக்குப் போங்கள்.